காதில் விழாத வரை

வேண்டாம் சாமி, என் காலை நீங்கள் தொடுவதாவது. நானே பார்த்துக்கொள்கிறேன். ஒரு கொப்புளம்தானே. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் பாட்டுக்கு எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்களே. சரி. இந்தக் கால்தான். குதிகாலுக்குப் பக்கத்தில். இன்னொன்றும் இருக்கிறது, பெருவிரலுக்கு அடியில். அதை அப்புறம் காட்டுகிறேன்.

ஊசியா? இருக்கிறது. அந்தப் பையின் பக்கவாட்டு அறையில் கையை விடுங்கள். தீப்பெட்டிக்குள் இருக்கும். நூலும் கோர்த்தபடியே இருக்கும். வேட்டி கிழிந்தால் தைப்பதற்கு அண்ணன் வைத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். கொப்புளத்துக்குள் நூலை விட்டு அப்படியே வைத்துவிட வேண்டுமா? நீர் நூல் வழியாகவே வடிந்துவிடுமா? பாருங்கள், இதெல்லாம் எனக்குத் தெரியாது. பை என்னுடையது இல்லை. அண்ணனுடையது.

ஆமாம், முதல் தடவைதான். கேட்க வேண்டுமா, அதுதான் கால் சொல்கிறதே. வீட்டிலிருந்து கடைக்கும் ஸ்கூட்டரில் போகிறவன் நான். காரைக்குடியில் விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். குன்றக்குடி அடிவாரத்தில் கும்பிட்டுவிட்டு, பிள்ளையார்பட்டியில் சாப்பிட்டுவிட்டு, இதோ திருப்பத்தூர் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டேன். எங்கள் குருசாமி உடையப்பன் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். "மெதுவா வாங்க சாமி, மண்டபத்துல உங்களுக்குப் பாய் போட்டு வைக்கிறேன்" என்றார். நல்ல மனிதர். இந்தப் பந்தலில் சுக்குக் காபி கொடுத்தார்கள், உட்கார்ந்தேன், உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியவில்லை. அவ்வளவுதான் கதை.

அதோ போகிறதே, அது காரைக்குடி பஸ். இருட்டிலிருந்து இந்தப் பொழுது வரைக்கும் நான் நடந்து வந்த தூரத்தை அது முக்கால் மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். காலையிலிருந்தே இது எனக்கு ஒரு தொந்தரவு. எதிரே வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் பலகையையும் படித்துக்கொண்டே வருகிறேன். காரைக்குடி. காரைக்குடி. தேவகோட்டை. மறுபடி காரைக்குடி. அச்சுத் தொழில் செய்கிறவன் சாமி, எழுத்தைக் கண்டால் கண் படிக்காமல் விடாது. வேறொன்றும் இல்லை.

என்ன வேண்டுதல் என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை, ஊசியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்கு வழியெல்லாம் இதே கேள்விதான். வேண்டுதல் என்னுடையது இல்லை. அதுவும் அண்ணனுடையதுதான்.

இந்தப் பையில் ஒரு மயில் தைத்திருக்கிறது, பார்த்தீர்களா? பச்சை நூலில். அண்ணி தைத்தது. கோழி மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். இந்த மயிலைப் பார்த்ததும் ஆட்கள் நிறுத்திவிடுகிறார்கள். "இது ஆண்டியப்பன் சாமி பையாச்சே. சாமி எங்க?" அண்ணனுக்கு இந்த ரோட்டில் இவ்வளவு பேரைத் தெரியும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்து வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்கு நடந்தவர். நான் கடையில் உட்கார்ந்துகொண்டு, "ஏன்ணே, பழனிக்கு பஸ் விடுறான், தெரியாதா?" என்பேன். "உனக்கு ஒருநாள் கால் கேக்கும்டா அழகு" என்பார். என் பெயர் அழகப்பன்.

முதலில் கேட்டவரிடம், ஊரில் இருக்கிறார் என்று சொன்னேன். அது பொய் இல்லை. அடுத்தவரிடம், கால் முடியவில்லை என்றேன். அதுவும் பொய் இல்லை, வலது கால் அசையவில்லைதானே. குன்றக்குடியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் அவர் கேட்பதற்கு முன்னாலேயே, "நல்லா இருக்கார்மா. அடுத்த வருஷம் வருவார்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த அம்மா இன்னொரு டம்ளர் மோர் ஊற்றி, "இது அவருக்குன்னு குடிங்க" என்றார். குடித்தேன். முருகன் பேரைச் சொல்லி நடக்கிறவன், கழுத்தில் மாலையோடு ஒரு பொய், அதற்குக் கூலியாக ஒரு டம்ளர் மோர். இதற்கு ஏதாவது பரிகாரம் இருக்கிறதா சாமி? உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அங்கிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டு வருகிறேன்.

மார்கழியில்தான் விழுந்தார். மாலை போட்டிருந்தார். விடியற்காலைக் குளியலுக்குப் போனவர் குளியலறையிலேயே விழுந்துவிட்டார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. பெயின்ட் கடை வைத்திருந்தவர், ஒரு டப்பா வாங்க வந்தவனை வீட்டுக்கே வெள்ளையடிக்க வைத்து அனுப்புகிற வாய் அவருக்கு. அந்த வாயில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது.

"வேணாம்."

அது ஒன்றுதான். மூளையில் அப்படி ஆகுமாம், ஒரு வார்த்தை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். எதற்கும் அதுதான் வரும். சாப்பிடுகிறீர்களா? வேணாம். வாயைத் திறப்பார். தண்ணீர்? வேணாம். குடிப்பார். எங்கள் தெரு பிள்ளையார் கோயில் குருக்கள் விபூதி கொண்டுவந்தார். வேணாம் என்றார் அண்ணன். குருக்களுக்கு முகம் செத்துவிட்டது. அண்ணன் தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டிக்கொண்டு இருக்கிறார், குருக்கள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் நான்தான் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன்.

முதலில் எனக்கும் புரியவில்லை. காபி கொண்டுபோனேன். வேணாம் என்றார். சரி என்று திரும்பினேன். அண்ணி கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "அவர் வாயைக் கேக்காதீங்க தம்பி. கையைப் பாருங்க" என்றார். திரும்பிப் பார்த்தால், இடது கை டம்ளருக்காக நீட்டியபடி இருக்கிறது.

மெதுவாக, சாமி. இல்லை, வலிக்கவில்லை. கூச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் இரண்டாவது தடவை மூளையில் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரியில், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஊரில் எந்த வீட்டுக்கு அப்படிக் கூட்டிக்கொண்டு வந்தாலும் அடுத்தாற்போல் என் கடைக்குத்தான் வருவார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஃப்ளெக்ஸ், எல்லாம் நான்தான். அழுதுகொண்டே வருவார்கள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். பேர்? வயசு? எப்ப எடுக்கிறாங்க? படம் கொண்டாந்தீங்களா? ஒருதடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்த்தால் கை ஓடாது. இதை நான் கல் மனசு என்று நினைத்ததில்லை, தொழில் சுத்தம் என்று நினைத்திருந்தேன்.

கார்த்திகையிலேயே அண்ணன் நேர்ந்துகொண்டு மாலை போட்டாரே, அந்த நடை பாக்கி நின்றுவிட்டது. பாதியில் நிற்கக் கூடாது அல்லவா? நான் நடந்து முடிக்கிறேன் என்று முடிவு செய்தேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அண்ணே, உங்க வேண்டுதலை நான் நடந்து முடிச்சுடறேன்" என்றேன். "வேணாம்" என்றார். நான் சிரித்துவிட்டேன். "பாருங்க அண்ணி, உத்தரவு கொடுத்துட்டார்" என்றேன். அண்ணி சிரிக்கவில்லை. அண்ணன் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் பார்க்கவில்லை. மாலை வாங்கப் போக வேண்டியிருந்தது, கடை அடைத்துவிடுவார்கள்.

"இப்பப் போகணுமா தம்பி?" என்று அண்ணி கேட்டார். ஒரு தடவைதான் கேட்டார். இரண்டாம் தடவை கேட்டிருந்தால் நான் நின்றிருப்பேன். சத்தியமாக நின்றிருப்பேன். அவர் மகள் துபாயிலிருந்து வர வேண்டும், அவளுக்கு லீவு கிடைக்க நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் ஆண்பிள்ளை ஒருவர் கூட இருந்தால் தைரியமாக இருக்கும் என்று சொன்னார். அதற்குத்தான் என் மனைவி விசாலியை அங்கே விட்டிருக்கிறேனே. விசாலியிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டு இருந்தாள். நிமிரவே இல்லை. "பயந்து ஓடறதுக்குப் பச்சை வேட்டி ஒரு கேடா" என்றாள். இருபத்தைந்து வருஷமாக அவள் வாய் அப்படித்தான். சாமி காரியம் என்றால் பெண்களுக்கு ஒரு எரிச்சல்.

எனக்கு என்ன பயம்? சொல்லுங்கள். சாவைப் பார்த்து பயப்படுகிற தொழிலா என் தொழில்?

ஒரு விஷயம் சொல்கிறேன். நீங்கள் யாரோ, நான் யாரோ. நாளைக்கு ஆளுக்கு ஒரு வேகம். அதனால் சொல்கிறேன். அண்ணனுக்கு நல்ல படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கல்யாணக் கூட்டத்தில் பாதி முகம். தனியாக இருப்பது ஒன்றே ஒன்று, பழனி அடிவாரத்தில் எடுத்தது. வெற்று மார்பு, கழுத்தில் மாலை, பச்சை வேட்டி, வெயிலில் கறுத்துப்போய் ஈ என்று சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஒருநாள் கடையில் வேலை இல்லை. அந்தப் படத்தை கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சும்மாதான் ஏற்றினேன். பின்னால் இருந்த கூட்டத்தை அழித்தேன். அப்புறம் ஒரு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். சட்டை இல்லாமல் வருகிற படங்களுக்கு அப்படிப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம், கம்ப்யூட்டரில் சட்டைகள் தயாராக இருக்கும். காலர் கழுத்தில் சரியாக உட்காரவில்லை. அதை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டு இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்தால் அண்ணி நிற்கிறார். மருந்துக் கடைக்கு வந்தவர், அப்படியே என் கடைக்குள் வந்திருக்கிறார்.

திரையை அணைக்க எனக்குக் கை வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம், "சட்டை நல்லாருக்கு தம்பி" என்றார்.

மருந்துப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருக்கலாம். உசிரோட இருக்கிறவருக்கு என்ன இது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கிற கேள்விகளை என்னிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். சட்டை நல்லாருக்கு என்றால் அதற்கு ஒரு மனுஷன் என்ன பதில் சொல்வது? மறுநாள்தான் நான் மாலை போட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சும்மா நாளைச் சொன்னேன்.

என்னை உறுத்துவது அது இல்லை சாமி. இன்றைக்குக் காலையில் நடந்தது. எங்கள் குருசாமி சபரிமலைக்கும் போகிறவர், அந்தக் கட்டுப்பாட்டையே இதற்கும் வைத்திருக்கிறார். கிளம்பும்போது யாரிடமும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் அண்ணனைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று போனேன். சொல்லிக்கொள்ள இல்லை, பார்க்கத்தான். விளக்கு எரிந்தது. அண்ணி பின்கட்டில் தண்ணீர் காய வைத்துக்கொண்டு இருந்தார். அண்ணன் விழித்துக்கொண்டுதான் இருந்தார். பச்சை வேட்டியைப் பார்த்தார். பையைப் பார்த்தார். விபூதி எடுத்து அவர் நெற்றியில் வைக்கக் குனிந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இடது கையால்.

"வேணாம்" என்றார்.

நான் என்னவென்று எடுத்துக்கொள்வது, சொல்லுங்கள். விபூதி வேணாமா? போக வேணாமா? எதற்கும் அதைத்தானே சொல்கிறார். காபிக்கும் அதுதான், கடவுளுக்கும் அதுதான். வெளியே குருசாமி சங்கு ஊதிவிட்டார். எல்லோரும் காத்துக்கொண்டு இருக்கிறார்கள். நான் இழுத்தேன், வரவில்லை. செத்த உடம்பில் எல்லாப் பலமும் அந்த ஒரு கையில் போய் நின்றுகொண்டது போல இருந்தது. ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன். சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்றை எடுத்து அடுத்ததற்குப் போனால் முதலில் எடுத்தது மறுபடி மடங்கிக்கொள்கிறது. வலிக்காமல்தான் எடுத்தேன் சாமி. மெதுவாகத்தான் எடுத்தேன்.

வாசலுக்கு வந்தபின் திரும்பிப் பார்த்துவிட்டேன். அதுதான் என்னை உறுத்துகிறது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவ்வளவு சொல்லியும் பார்த்துவிட்டேன். நடையின் பலன் அதில் போய்விடுமா? குருசாமியிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

அவரிடம் வேறொன்று முன்னாலேயே கேட்டிருந்தேன். வழியில் சேதி வந்தால் என்ன செய்வது என்று. "மாலையைக் கழட்டிட்டு, முருகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, திரும்பிற வேண்டியதுதான் சாமி. கூடப் பிறந்தவர் தீட்டாச்சே" என்றார். சேதி வரவில்லை என்றால்? என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். "காதுல விழுந்தாத்தானே தீட்டு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் குருசாமி வாயிலிருந்து வந்துவிட்டது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். காதில் விழாத வரை நான் சுத்தம். காதில் விழாத வரை அண்ணன் இருக்கிறார். பழனி போய்ப் படியேறிக் கும்பிட்டுவிட்டு, அதற்கப்புறம் எது காதில் விழுந்தாலும் விழட்டும். வேண்டுதல் முடிந்திருக்கும். அவருக்காகத்தானே நடக்கிறேன்? நான் நின்றுவிட்டால் நஷ்டம் யாருக்கு? அவருக்குத்தானே?

அதனால்தான் போனை அணைத்து வைத்திருக்கிறேன். வீட்டில் பேசினீர்களா என்று கேட்டீர்களே, இல்லை, பேசவில்லை. பைக்குள் வேட்டிக்கு அடியில் கிடக்கிறது. அண்ணிக்கு அவசரம் என்றால் குருசாமி போனுக்குக் கூப்பிடலாம். அவர் எண் அண்ணியிடம் இல்லை. கேட்கவும் இல்லை, நானும் கொடுக்கவில்லை.

நூலை வெட்டிவிட்டீர்களா? நன்றாக இருக்கிறதே. பாரமே இல்லை. அண்ணன் இத்தனை வருஷம் இந்த ரோட்டில் இந்த வேலையைத்தான் செய்துகொண்டு வந்தார் என்று ஒருவர் காலையில் சொன்னார். நடந்ததைவிட அடுத்தவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நேரம்தான் அதிகமாம். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒன்று செய்கிறீர்களா சாமி? நீங்கள் அந்தப் போனைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் மட்டும். எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம். ஒன்றும் இல்லை என்றால் மட்டும், ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். வேறு ஏதாவது என்றால் சொல்லாமல் இருந்துவிடுங்கள். ஏன் சிரிக்கிறீர்கள்? ஆமாம். நீங்கள் சொல்லாவிட்டாலே தெரிந்துவிடும். அது எனக்குத் தோன்றவில்லை. நாள் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன், இது தோன்றவில்லை.

பரவாயில்லை, எடுங்கள். வேட்டிக்கு அடியில். ஓரத்தில் இருக்கிற பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஆகும், பழைய போன்.

அதென்ன, வரிசையாகச் சத்தம்? விளம்பரமாக இருக்கும். பண்டிகை நேரம், ஜவுளிக் கடைக்காரன் விட மாட்டான். படிக்காதீர்கள். இல்லை, படியுங்கள். வாய்விட்டுப் படிக்காதீர்கள்.

அடிக்கிறதா? யார்? 'அண்ணன்' என்று வருகிறதா?

அது அண்ணி சாமி. பயப்படாதீர்கள். அண்ணன் போனிலிருந்துதான் அவர் கூப்பிடுவார். பெயரை நான் மாற்றவில்லை. ஒவ்வொரு தடவை வரும்போதும், முதல் மணி அடித்து முடிகிற வரைக்கும், அவர்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். கடையை அடைச்சுட்டியா அழகு, வரும்போது வெற்றிலை வாங்கிட்டு வா என்பார், அந்த மாதிரி. இரண்டாவது மணியில் ஞாபகம் வந்துவிடும்.

விடுங்கள், தானாக நிற்கும். நின்றுவிட்டது, பாருங்கள்.

மறுபடியுமா? அண்ணி இப்படி விடாமல் கூப்பிடுகிறவர் இல்லையே. அதோ, பஸ் வருகிறது. காரைக்குடிதான். அது போகட்டும். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது. பந்தலுக்கு எதிரே நிற்கிறதா? யாரோ கை காட்டியிருப்பார்கள்.

என்னிடம் நீட்டாதீர்கள் சாமி. நான்தான் முதலிலேயே சொன்னேனே. வேணாம். எனக்கு வேணாம். ஒரு மனுஷன் வேணாம் என்றால் வேணாம்தானே.

அதற்கு ஏன் சாமி என் கையையே பார்க்கிறீர்கள்?